கவாத்து

எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்கள் வாயிற்கதவைத் திறந்ததும் முதலில் வேலியோரம் நிற்கும் ரோஜாச் செடிகளைப் பார்ப்பார்கள். பிறகுதான் என்னைப் பார்ப்பார்கள். "தலைமையாசிரியர் வீட்டுத் தோட்டம் அல்லவா! ஒழுங்குக்குக் கேட்கவா வேண்டும்?" என்பார்கள். நான் மறுத்ததில்லை; புன்னகை செய்துகொண்டே அவர்களை உள்ளே அழைத்துச் செல்வேன். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அந்தப் புன்னகையைக் கொண்டு ஒரு பொய்யை நான் காப்பாற்றி வந்திருக்கிறேன். அந்தச் செடிகளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியவனும் அல்லன் நான். குழி தோண்டியவர், எருவிட்டவர், கிளை நறுக்கியவர், முள் தைத்த விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் வேலையைத் தொடர்ந்தவர் எல்லாம் என் துணைவியாரே. காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் அவர் நாளிதழில் சுற்றித் தரும் நான்கைந்து மலர்களை வாங்கிச் சென்று அலுவலக மேசையில் வைத்ததும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்த விருந்தினரிடம் "நம் வீட்டில் பூத்தவை" என்று சொன்னதுமே என் பங்கு.

நாங்கள் வாழ்வது சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங் நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பில். வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. ஆகவே பக்கவாட்டில் 12 அடி அகலத்துக்கு நிலம் கிடைத்தது. நிலம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். வீடு கட்டியவர்கள் உடைந்த செங்கல்லையும் செம்மண் களியையும் கொட்டி, இயந்திரத்தை ஏற்றி மிதித்துவிட்டுப் போன இடம் அது. 1998 இல் நாங்கள் குடிவந்தபோது அதில் புல்லும் சரியாக முளைக்கவில்லை. சிமெண்டு பூசி வாகனம் நிறுத்த வசதி செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். துணைவியார் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்தார். ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கல்லைப் பொறுக்கினார். ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்தார். சுண்ணாம்புத் தூளைத் தூவினார். நம் நாட்டில் அடை மழை மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் மண் புளித்துவிடும். ரோஜா இலேசான புளிப்பைத் தாங்குமே தவிர இவ்வளவு புளிப்பைத் தாங்காது. இந்தச் செய்தியெல்லாம் எனக்கு அண்மையில் தெரிந்தவை. அவர் அப்போதே தெரிந்து வைத்திருந்தார்.

அங்கே 9 செடிகள் நின்றன. ஐந்து, சுங்கை பூலோவில் வாங்கியவை. சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930 இல் தொடங்கப்பெற்றது. நோய் நீங்கிய பின்பும் வெளியுலகம் ஏற்கத் தயங்கிய பலர் அங்கேயே தங்கி, நாற்றுப் பண்ணை வைத்துப் பிழைத்தனர். அந்தப் பண்ணை ஒன்றில், விரல் நுனிகள் தேய்ந்த ஒரு சீன முதியவர் ஒட்டுக் கட்டுவதை என் துணைவியார் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நானோ நேரமாகிறது என்று வாகனத்தில் அமர்ந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். மூன்று செடிகள் கேமரன் மலையிலிருந்து வந்தவை. அந்தக் குளிரில் கிண்ணம் போலப் பூத்திருந்தவை, எங்கள் வெயிலுக்கு வந்ததும் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டன. எனினும் பூத்தன. ஒன்பதாவதுதான் பன்னீர் ரோஜா.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. என் மாமியார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டு வாசலில், பயன்படாமற்போன ஒரு வாளியில் பன்னீர் ரோஜா வைத்திருந்தார். இளஞ்சிவப்பு நிறம், சிறிய பூ, மணமோ மூன்று வீடு தள்ளிப் போகும். 1990களில் அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயம் காலிசெய்யப்பட்டது. கட்டில், பீரோ, சாமிப் படம் எல்லாம் வாடகை லாரியில் ஏறின. வாளிச் செடிக்கு இடமில்லை. மாமியார் அதிலிருந்து பென்சில் கனத்தில் இரண்டு குச்சிகளை ஒடித்து, பால் டின்னில் ஈர மண் இட்டு நட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்று பட்டுப்போயிற்று. மற்றொன்று, எங்கள் வீட்டு மூலையில், மழைநீர்க் கால்வாயை ஒட்டி வேர் பிடித்தது. மாமியார் 2009 இல் காலமானார்.

2022 நவம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை, துணைவியார் சமையலறையில் தேநீர்க் கோப்பையைத் தவறவிட்டார். குனிந்து எடுக்க முயன்றவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன, பேச்சு குழறிற்று. மருத்துவமனையில் மூன்று வாரம். அதன்பின் வாரத்துக்கு இருமுறை கை கால் பயிற்சி. கால் மெல்ல மெல்லத் தேறிற்று. பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கும் அளவுக்குத் திரும்பியது. வலக்கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

தோட்டம் என்ன ஆயிற்று என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கவனிப்பாரற்ற ரோஜா அழிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது உடனே அழிவதில்லை. தன் விருப்பத்துக்கு வளரும். ஓராண்டில் செடிகள் என் தலைக்கு மேல் எழுந்தன. கொம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் முள்ளால் ஒன்றையொன்று கீறிக்கொண்டன. நடுவில் வெளிச்சம் புகவில்லை. மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, அடியிலேயே உதிர்ந்து குவிந்தன. அந்தக் குப்பையிலிருந்து நோய் மீண்டும் மேலேறிற்று. கீழெல்லாம் வெறும் கட்டை. உச்சியில் மட்டும், அண்டை வீட்டு மாடிக்காரர் பார்க்கும் உயரத்தில், ஒன்றிரண்டு சிறு பூக்கள்.

மகள் கோலாலம்பூரிலிருந்து வரும்போதெல்லாம், "அப்பா, ஆள் வைத்து வெட்டிவிடலாமே" என்பாள். "அம்மாவின் கை பட்ட செடி, வேறொருவர் கை படக்கூடாது" என்று நான் சொல்லிவிடுவேன். கேட்பதற்கு எவ்வளவு நயமாக இருக்கிறது! உண்மையில் எனக்குச் சோம்பல்; அதைவிட அச்சம். வெட்டத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் இடங்கொடுக்கவில்லை. இதற்கிடையில் அவர் தினமும் மாலையில் சன்னலோரம் அமர்ந்து அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

2024 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம், எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. பழைய புத்தகக் கடையில் ரோஜா வளர்ப்பைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று கிடைத்திருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற வழக்கம் விடுமா? வெள்ளைத் தாளில் கோடு கிழித்து, நோக்கம், துணைப்பொருள், படிநிலை, மதிப்பீடு என்று பாடக்குறிப்பே எழுதினேன். நூலில் கண்டபடி, தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு மற்றதையெல்லாம் வெட்ட வேண்டும். வெட்டியபின் தாராளமாக உரமிட வேண்டும். முதற்பாடத்துக்குப் பன்னீர் ரோஜாவையே தேர்ந்தெடுத்தேன். அதுதான் மிகவும் அடர்ந்திருந்தது. அதைச் சீர்படுத்தினால் அவர் மகிழ்வார் என்ற எண்ணமும் இருந்தது. அரை நாள் வெட்டினேன். கைகளெல்லாம் இரத்தக் கோடு. கால்வாய்ப் பக்கம் வளைந்து கிடந்த ஒரு கொம்பு மட்டும் இழுத்தும் வரவில்லை. சருகுக்குள் எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. அதன் முனையை அப்படியே விட்டு, இப்பாலே துண்டித்தேன். எஞ்சிய ஆறு அங்குலக் கட்டைகளைச் சுற்றி ஒரு மூட்டை பச்சைக் கோழி எருவைக் கொட்டி, அதன்மேல் இரண்டு கைப்பிடி கலப்பு உரத்தையும் வீசினேன். இரண்டாண்டுப் பட்டினியை ஒரே நாளில் தீர்த்துவைத்த மனநிறைவுடன் குளிக்கப் போனேன்.

மழை பெய்தது, வெயில் அடித்தது. கட்டைகளில் இரண்டு சிவந்த துளிர்கள் தலைகாட்டி, ஒரு வாரத்தில் கருகின. பிறகு பட்டை சுருங்கி, மேலிருந்து கீழாகப் பழுப்பு இறங்கியது. ஜூன் மாதத்தில் ஒரு கட்டையை அசைத்தபோது அது வேரோடு கையில் வந்தது. வேர்கள் கரிந்த நூல் போல இருந்தன. மாமியார் மடியில் ஏந்தி வந்த செடி அது. அதை எங்கே வைப்பது, துணைவியாரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாமல், பள்ளியில் தவறு செய்துவிட்டு அலுவலக வாசலில் நிற்கும் சிறுவனைப் போல நான் பின்கட்டில் நின்றேன்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி" என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எளிதாக வரும் சொற்களில் ஒன்று. ஆகவே அதற்கு என்ன பொருள் கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. மற்ற எட்டுச் செடிகளையும் அதன்பின் நான் தொடவில்லை.

தை பிறந்தது. 2025 சனவரி, பள்ளித் தவணை முடிந்த விடுமுறை. ஒரு நாள் காலை நான் வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது, நான்கு கால் ஊன்றுகோலின் ஓசை கேட்டது. துணைவியார் தாமாகவே படியிறங்கி, ஒரு நாற்காலியைக் காட்டி, தோட்டத்தைக் காட்டினார். நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அமர்ந்தார். பிறகு, "கத்தரி" என்றார்.

அவர் சொல் தேடும்போது நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. "தண்..." என்றால் "தண்ணீரா?" என்பேன், "நாளை..." என்றால் "மருத்துவரிடம் போக வேண்டும், அதுதானே?" என்று முடித்துவைப்பேன். உதவி என்று எண்ணிக்கொண்டுதான் செய்தேன். அன்றும் அவர் "இந்தக் கொம்பை..." என்று தொடங்க, "வெட்டிவிடவா?" என்றேன். அவர் இடக்கையை உயர்த்தினார்.

"நான் சொல்லி... முடிக்கிறேன்."

முப்பதாண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் பிறரை அமைதியாக இருக்கச் சொன்னவன் நான். அன்று அமைதியானேன். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் நான் கத்தரியைப் பிடித்துக்கொண்டு செடியைப் பார்த்தபடி நிற்பேன். அப்படி நின்றபோதுதான் செடி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

முதலில் காய்ந்ததை மட்டும் வெட்டச் சொன்னார். காய்ந்தது எது, உயிருள்ளது எது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய கொம்பெல்லாம் சாம்பல் நிறமாகவே இருந்தது. "உள்ளே பாருங்க" என்றார். வெட்டிய முனையில் நடுச்சோறு பழுப்பாக இருந்தால் உயிரில்லை. இன்னும் கீழே போக வேண்டும். வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். அடுத்து, ஒன்றையொன்று உரசும் இரண்டு கொம்புகளில் ஒன்று. எதை விடுவது, எதை வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் நான் அவரைப் பார்ப்பேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "உள்பக்கம் போறது" என்பார். செடியின் நடு, கிண்ணம் போலத் திறந்து காற்றும் வெளிச்சமும் புக வேண்டும் என்பது அதன் கருத்து.

அடியில் ஓரிடத்தில் நல்ல கொழுமையான பச்சைக் கொம்பு ஒன்று எழுந்திருந்தது. அதைத்தான் விட வேண்டும் என்று நான் மகிழ்ந்தேன். அவர் அதை முதலில் எடுக்கச் சொன்னார். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, காட்டு வேரிலிருந்து வந்தது அது. சத்தையெல்லாம் உறிஞ்சி மேற்செடியைக் கொன்றுவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுக் கொம்பு என்று நூலில் படித்ததை நான் சொன்னேன். "எண்ணாதீங்க. எங்கேருந்து... கிளம்புதுன்னு பாருங்க" என்றார். மண்ணைத் தோண்டிப் பார்த்து, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுத்தேன். வெட்டினால் மீண்டும் தழைக்குமாம்.

பிறகுதான் உயரத்தைக் குறைக்கும் வேலை. நூல் கூறிய ஆறு அங்குலக் கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நோய்க்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். குளிர்நாட்டில் ரோஜா இலையுதிர்த்துத் தூங்கிவிடும். தூங்குமுன் உணவைக் கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே மொட்டையாக வெட்டினாலும் பனி விலகியதும் எழுந்துகொள்ளும். நம் நாட்டு ரோஜாவுக்குத் தூக்கமே இல்லை. ஆண்டு முழுதும் இலையைக் கொண்டு சமைத்துச் சமைத்து உண்டுகொண்டிருக்கிறது. அடுப்பையே எடுத்துவிட்டால் என் செய்யும்? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. மிகவும் முற்றிய செடியானால் பழைய கட்டை ஒன்றை இம்முறை, மற்றொன்றை அடுத்த முறை என்று இரண்டு மூன்று தவணையில் புதுப்பிக்க வேண்டும். அதுவும் பெருமழைக் காலத்தில் கூடாது. நம் மேற்குக் கரையில் ஏப்ரலும் அக்டோபரும் மழை மிகுந்த காலம். பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் மழை குறைந்த காலம். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியே நோய் இறங்கும். நான் பன்னீர் ரோஜாவை வெட்டியது ஏப்ரலில். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நானே கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

வெட்டும் விதத்தில்தான் எங்களுக்குள் வாதம் எழுந்தது. வெளிப்பக்கம் பார்க்கும் கணுக்கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுள்ள பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் சாய்வாக வெட்ட வேண்டும். நான் வெட்டியதில் பாதி நசுங்கியது. அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா இருந்தா... உங்களை மரத்துக்கு அனுப்ப மாட்டாங்க" என்றார். பள்ளி விடுமுறையில் அவர் தாயாரோடு விடியுமுன் தோட்டத்துக்குப் போய், கோப்பை துடைத்து, ஒட்டுப்பால் எடுத்தவர். பால் மரத்தில் பட்டையைத்தான் சீவ வேண்டும். கத்தி ஒரு நூலளவு ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அது காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே கத்தி ஓடாது. பால் வழிய வேண்டுமென்றால் சாய்வும் பிசகக்கூடாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம், இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், காயம் படாமல் சீவிய கை அவர் தாயாருடையது. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கத்தரியின் கூரான அலகு, விட்டுவைக்கும் கொம்பின் பக்கம் இருக்க வேண்டும் என்ற சிறு செய்தியை எனக்குப் புரியவைக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. புரிந்தபின் நசுங்கவில்லை.

கவாத்து என்னும் சொல்லுக்கு அகராதியில் படைவீரர் பயிற்சி என்றும் பொருள் உண்டு, கிளை கழித்தல் என்றும் பொருள் உண்டு. அந்த வாரம் இரண்டுமே எனக்குக் கிடைத்தன.

நாளொன்றுக்கு ஒரு செடி. வெட்டிய கொம்புகளையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு செடி முடிந்து மறு செடிக்குப் போகுமுன் கத்தரியைச் சாராயம் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எட்டாம் நாள், கடைசிச் செடியை நெருங்கும்போது, துணைவியார் கால்வாய்ப் பக்கம் கையை நீட்டினார்.

"அது... என்ன?"

சருகுக்கு நடுவே, ஒரு முழ உயரத்தில், மென்பச்சை இலைகளோடு ஏதோ நின்றது. களை என்று நினைத்து நான் பிடுங்கக் குனிந்தேன். அவர் குரல் உரத்து ஒலித்தது. கையை எடுத்துவிட்டு, சருகை விலக்கினேன். கால்வாய் விளிம்பில் பாதி மண்ணில் புதைந்த பழைய கொம்பு ஒன்று. அதன் ஒரு முனை கத்தரியால் துண்டிக்கப்பட்டுக் காய்ந்திருந்தது. மண் தொட்ட இடத்தில் வேர் இறங்கியிருந்தது. மறு முனையிலிருந்து அந்தத் தளிர். ஏப்ரலில் இழுத்தும் வராமல் நான் விட்டுவிட்ட கொம்பு! கவனிப்பாரற்றுக் கிடந்த ஓராண்டில் அது வளைந்து மண்ணைத் தொட்டு, சருகு மூடி, தானாகப் பதியம் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் இழுத்தபோது வேர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இலை ஒன்றைக் கிள்ளி அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இடக்கை விரலால் தடவிப் பார்த்து, வலக்கைமேல் வைத்தார். அன்று வேறு வேலை செய்யவில்லை.

இனி உரத்தின் கதை. வெட்டி முடிந்ததும் நான் வழக்கம்போல் மூட்டையைத் தூக்கினேன். "என்னங்க" என்றார் அவர். நின்றேன்.

"ஆஸ்பத்திரியில... எனக்கு முதல்ல என்ன கொடுத்தாங்க?"

மூக்கு வழியே குழாய், அதில் பால். பிறகு தேக்கரண்டியால் கஞ்சித் தண்ணீர். விழுங்குகிறாரா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. திட உணவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. நான்தான் ஊட்டினேன், எனக்குத் தெரியாதா? மூட்டையைக் கீழே வைத்தேன்.

இலையிழந்த செடிக்கு உரம் தேவையில்லை, உண்ண வாயில்லை. பச்சைக் கோழி எருவின் சூடும், அளவுக்கு மீறிய உப்புரமும் வேரிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். நீர் நிறைந்த மண்ணிலும் வேர் தாகத்தால் சாகும். வெட்டியபின் நீர் மட்டும் விட்டு, புதுத் துளிர் சிவந்து வந்து விரல் நீளம் ஆகும்வரை பொறுக்க வேண்டும். அதன்பின் நன்றாக மக்கிய ஆட்டெரு இரண்டு கைப்பிடி, எலும்புத் தூள் ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக இட்டு மண்ணைக் கிளறி மூட வேண்டும். கலப்பு உரம் தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டி போதும். அதுவும் மண் நனைந்தபின். மாதம் ஒருமுறை, சிறிது சிறிதாக. ஒரேயடியாகக் கொட்டினால் பாதியை மழை கொண்டுபோகும், மீதி வேரைச் சுடும். தழைச்சத்து மட்டும் மிகுந்தால் இலை மண்டும், பூ வராது, சாம்பற்சத்தும் வேண்டும்.

இவற்றோடு கடலைப் பிண்ணாக்கு. ஒரு கிலோவைப் பத்து லிட்டர் நீரில் ஐந்து நாள் மூடி ஊறவைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து ஊற்ற வேண்டும். நான்காம் நாள் பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எங்கள் கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டதோ என்று கவலையோடு விசாரித்தார். பிண்ணாக்கின் பெருமையை நான் விளக்கினேன். மறுநாள் தம் மிளகாய்ச் செடிகளுக்கென்று ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டார்.

உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியிருப்பதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். என் சிறு வயதில், 1974 இறுதியில் அரசாங்கம் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டத்தின்கீழ் எங்கள் பள்ளியிலும் பாத்தி கட்டிப் பயற்றங்காயும் கீரையும் போட்டோம். அப்போதும் வாளி தூக்கும் வேலையை நண்பன் ஒருவனிடம் தள்ளிவிட்டு, பாத்திக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எரு என்பது நாற்றமுள்ள பொருள் என்பதே எனக்கு 57 வயதில்தான் தெரிந்தது.

தைப்பூசம் கழிந்தது, பள்ளி திறந்தது. காலை ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுமுன் நீர் ஊற்றுவது என் கடமையாயிற்று. இலைமேல் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக விடக்கூடாது. சில நாள் தவறினேன். தவறிய நாளில் அவர் தம் ஊன்றுகோலோடு வாயிலில் நின்று, ஒரு சிறு குவளையால், இடக்கையால், எட்டும் இரண்டு செடிகளுக்கு மட்டும் ஊற்றியிருப்பதை மாலையில் ஈர மண்ணைக் கண்டு அறிந்துகொள்வேன்.

வெட்டிய கண்களெல்லாம் வெடித்தன. எட்டில் ஏழு செடிகள் நன்றாகத் தழைத்தன. வெள்ளை ஒன்று மட்டும் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்ப் பதியத்தை நாங்கள் பெயர்த்தெடுக்கவில்லை. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றார். சுற்றிலும் செங்கல் அடுக்கினேன்.

மார்ச் மாதம் நடுவில், வெட்டி நாற்பத்தேழாம் நாள், சுங்கை பூலோச் சிவப்பு முதலில் விரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளும் வந்திருந்தாள். கத்தரியை நான் எடுத்தபோது துணைவியார் இடக்கையை நீட்டினார். அந்தக் கத்தரியின் வில் இறுக்கமானது. அவரால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கொடுத்தேன். அவர் இடக்கையால் ஒரு பிடியைப் பற்றினார். மற்றொரு பிடியை, மடியிலிருந்து மெல்லத் தூக்கி வைத்த வலக்கை விரல்களின்மேல் சாய்த்தார். அழுத்தினார். ஒருமுறை வழுக்கியது. இரண்டாம் முறை கொம்பு அறுந்து, பூ அவர் மடியில் விழுந்தது.

ஐந்து இலைக் கூட்டுக்கு மேலே, வெளிக்கண் பார்த்து வெட்டுவதுதான் முறை. அவர் வெட்டியது மிகவும் மேலே, பூவின் கழுத்தை ஒட்டி, கண்ணே இல்லாத இடத்தில். நான் கவனித்தேன், பேசாமல் இருந்தேன்.

"தெரியும்" என்றார் அவர். "நாளைக்கு... நீங்க கீழே வெட்டி விடுங்க."